பிசிறு வெட்டும்போது வந்தது

அருள்புரம்,
ஐப்பசி 12, புதன்கிழமை.

அன்புள்ள பேத்தி நித்யஸ்ரீக்கு,

உன் அம்மாயி சென்னம்மாள் எழுதுவது. நலம் என்று முதல் வரியில் போட வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்த வாத்தியார், நலம் இல்லாதபோது என்ன போடுவது என்று சொல்லித் தரவில்லை. ஆறாவதுக்குப் போயிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. "பொட்டப்புள்ளைக்கு எதுக்குங்க, கையெழுத்துப் போட்டாப் போதும்" என்று என் அப்பனிடம் சொல்லி நிறுத்தியதும் அவர்தான். சொல்லிவிட்டு எங்கள் வீட்டில் இரண்டு டம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அறுபத்தோரு வருஷம் ஆகிறது. அந்த மோரை நான் மறக்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் அவரைத்தான் கேட்க வேண்டும், அவரும் செத்துப் போய்விட்டார்.

பெங்களூரில் நீயும், வயிற்றில் இருக்கும் பிள்ளையும், சுரேந்தர் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான்கு நாளாக விட்டு விட்டு மழை. கம்பெனிகளில் ஆர்டர் குறைந்துவிட்டது என்று உன் மாமன் சரவணக்குமார் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறான். வாரத்தில் நான்கு நாள்தான் வேலை. மற்ற நாளில் வீட்டில் உட்கார்ந்து என்னைத் திருத்துகிறான். சோற்றில் உப்பு அதிகம் போட்டுக்கொள்ளாதே என்கிறான். அவன் பெண்டாட்டி நதியா சோறு ஆக்கும்போதே உப்பைக் குறைத்துவிட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆடி மாதம் நீ போனில் என்ன கேட்டாய் என்று உனக்கு நினைவிருக்கும். எனக்கு வார்த்தைக்கு வார்த்தை இருக்கிறது. "அம்மாயி, பொண்ணு பொறந்தா மைதிலின்னு எங்கம்மா பேரத்தான் வெக்கப் போறேன். நாளைக்கு அது யாருடைய பேருன்னு கேட்டா, எங்கிட்ட ஒரு போட்டோவத் தவர ஒண்ணுமே இல்லீங்க. எங்கம்மா எப்படி இருப்பாங்க, எப்படிச் செத்தாங்க, எல்லாத்தையும் எழுதிக் குடுங்க. போன்ல சொன்னா அழுதே தீத்துருவேன்" என்றாய். அதோடு விடவில்லை. "அப்பாயி ஊட்டுக்கு இனி நான் போறதில்லீங்க. பிரசவத்துக்கு உங்ககிட்டயே வர்றேன். எங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாமச் சாகவிட்டவங்க கையில எம் புள்ளையக் குடுக்க மாட்டேன்" என்றாய்.

உன்னைப் பதினான்கு மாதப் பிள்ளையிலிருந்து தாராபுரத்தில் வைத்து வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக் கொடுத்தது உன் அப்பனைப் பெற்ற அந்த அப்பாயி பொன்னாத்தாள்தான். உன் அப்பன் லாரியே கதி என்று கிடந்தான். அப்படிப்பட்டவளை நீ வெட்டிவிட்டாய் என்றதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை வைத்துவிட்டு, அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட லீவுக்கு லீவு நீ இங்கே வரும்போதெல்லாம் உன் காதில் நான் ஓதியது பலித்துவிட்டது என்று எனக்கு அவ்வளவு நிறைவு. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ அனுப்பிய நீல அட்டை நோட்டும் நான்கு பேனாவும் ஆடி இருபதுக்கு வந்து சேர்ந்தன. வீட்டில் பெரிய ஏற்பாடு நடந்தது. பழைய துணி போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, இரும்பு மேசை, நாற்காலி, ஒரு ஃபேன் எல்லாம் போட்டான் உன் மாமன். நதியா என் கையிலிருந்து விளக்குமாற்றை வாங்கிக்கொண்டாள். பாத்திரம் கழுவப் போனால், "அத்தை, நீங்க போயி எழுதுங்க, இதெல்லாம் நான் பாத்துக்கறனுங்க" என்றாள். முப்பத்தோரு வருஷமாக நான் வீட்டில் வைத்துச் செய்துவந்த பிசிறு வெட்டும் வேலையையும் நிறுத்திவிட்டார்கள். கம்பெனி வண்டி கொண்டுவந்து போடும் பனியன் கட்டுகளில், தைத்த இடத்தில் தொங்கும் நூலை வெட்டுகிற வேலை. உனக்குத் தெரியும், நீயும் லீவில் உட்கார்ந்து வெட்டியிருக்கிறாய்.

மேசையில் உட்கார்ந்தேன். எழுத்து வரவில்லை என்று நினைக்காதே. கொட்டியது. பதினெட்டு நாளில் இருபத்தேழு பக்கம். உன் அம்மாவின் நிச்சயதார்த்தத்துக்கு உன் அப்பாயி மல்லிகைக்குப் பதில் வாடாமல்லி வாங்கி வந்தது, என் மகளுக்கு வைத்த சீர் தட்டில் ஒரு தேங்காய் அழுகல் என்று சபையில் உடைத்துக் காட்டியது, தலைத் தீபாவளிக்கு உன் அம்மாவை ஒருநாள் தாமதமாக அனுப்பியது, அன்றைக்கு அவள் கட்டியிருந்த புடவையின் நிறம் முதற்கொண்டு எழுதினேன். பதினெட்டாம் நாள் முதலிலிருந்து எடுத்துப் படித்தேன். உன் அப்பாயி பக்கத்துக்குப் பக்கம் இருந்தாள். உன் அம்மாவைக் காணோம். அவள் சிரித்தது, கோபித்தது, தலை சீவியது, ஒரு வரி இல்லை. கோர்ட்டில் கொடுக்கிற காகிதம் போல இருந்தது.

அந்தப் பக்கங்களைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். 'மைதிலி நல்ல பிள்ளை' என்று எழுதினேன். அடுத்த வரிக்கு மூன்று நாள் காத்திருந்தேன். ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. நல்ல பிள்ளை என்று செத்தவர் எல்லாரையும்தான் சொல்கிறார்கள். பெற்றவளுக்கு, பெற்ற பிள்ளையைப் பற்றி இரண்டாவது வரி வரவில்லை என்றால் இவள் என்ன தாய் என்று என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றியது.

பக்கத்து லைன் வீட்டில் ஒச்சாயி இருக்கிறாள், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. உனக்குக் கூட ஒருமுறை பனங்கிழங்கு கொடுத்தாளே, அவள். அவளும் பிசிறு வெட்டுகிறவள்தான். மேசையை விட்டு எழுந்து அவள் வாசலில் போய் நின்றேன். "என்னத்தா, கதை எழுதுறவுக இந்தப் பக்கம்? பேனாவுக்குக் கால் வலிக்குதாக்கும்?" என்றாள். ஒன்றும் வரமாட்டேன் என்கிறது ஒச்சாயி என்றேன். "சும்மா உக்காந்து மோட்டுவளையப் பாத்தா பல்லிதேன் வரும். இந்தா, இந்தக் கட்டப் பிரி" என்று ஒரு கத்திரியை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

முதல் டஜன் முடிவதற்குள் உன் அம்மா வந்துவிட்டாள், கண்ணு.

கத்திரி பாட்டுக்கு வெட்டுகிறது, கண் பாட்டுக்குத் தையலைப் பார்க்கிறது, உள்ளே ஒரு கதவு திறந்துகொள்கிறது. பன்னிரண்டு வயசில் என் பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு வெட்டும்போது, ஒவ்வொரு பனியனுக்கும் ஓர் ஆள் வைப்பாள் உன் அம்மா. "இது குண்டுப் பையன் போடறது, வவுத்துக்கிட்ட இழுக்கும். இது அழுவாச்சிப் புள்ளை போடறது, கையிலயே மூக்கத் தொடைக்கும்" என்பாள். அளவைப் பார்த்தே பிள்ளைக்கு ஒரு குணம் சொல்லுவாள். இதை நான் இருபத்திரண்டு வருஷமாக நினைக்கவில்லை. மேசையில் உட்கார்ந்து தேடியபோது அது எங்கே போயிருந்தது?

எழுந்து ஓடி வந்து நோட்டைத் திறப்பதற்குள் பாதி போய்விட்டது. அதற்குப் பிறகு புத்தி வந்தது. காதில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டேன். கட்டுக்குக் கட்டு ஒரு சீட்டு வருமே, அளவும் நிறமும் எழுதி, அதன் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். வந்ததை அதில் அப்படியே கிறுக்கினேன். நதியாவுக்குத் தெரியாமல் பாத்திரமும் கழுவினேன். தோசைக்கல்லைத் தேய்க்கும்போது ஒன்று வந்தது. உன் அம்மா காய்ச்சலில் கிடந்தபோதும் ஓரத்து முறுகலை மட்டும் பிய்த்துத் தின்பாள். பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் விடுகிறார்கள், குடத்தை வைத்துவிட்டு வரிசையில் சும்மா நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அங்கே நிற்கும்போது இரண்டு வந்தன. கரண்ட் போய் உட்கார்ந்திருந்தபோது, மொச்சை உரித்தபோது, பஸ் ஸ்டாப்பில் மழைக்கு ஒதுங்கியபோது, நான் கூப்பிடாத நேரத்தில்தான் வருகிறாள். அவளைப் பார்க்காத மாதிரி வேறு எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும். கன்றுக்குட்டியைப் பிடிக்கப் போகிறவள் புல்லைப் பார்த்துக்கொண்டு நடக்கிறாளே, அது மாதிரி.

இப்படி இருபத்தாறு சீட்டு சேர்ந்துவிட்டது. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். சிலதில் எண்ணெய் பட்டிருக்கிறது. பிள்ளைக்குச் சொல்ல அது போதும். அதில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

நான் எழுதுகிறேன் என்று ஒச்சாயிக்கு ஒரே பெருமை. போகிற வருகிறவர்களிடம் எல்லாம், "எங்காத்தா புஸ்தகம் போடுது. உன்னையும் எழுதும், ஒழுங்கா இரு" என்று மிரட்டுவாள். அந்த ஒன்றரை மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். அது என்னைச் சும்மா விடாது என்று தெரிந்திருக்க வேண்டும். கதவு திறந்தால் நமக்கு வேண்டியது மட்டும்தான் வரும் என்று யார் சொன்னது?

போன வெள்ளிக்கிழமை ஒச்சாயிக்குச் சிறுநீரகக் கல் வலி. இரண்டு நாளாக வாழைத்தண்டுச் சாறு குடித்துக்கொண்டு, வலியோடேயே வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் வெட்டிப் போட்டதை நான் மடித்தேன். ஒரு பனியனில் கழுத்துக்குக் கீழே கத்திரி பட்டு ஓட்டை. இன்னொன்றில் தோளில் ஓட்டை. "ஏ ஒச்சாயி, கண்ணப் பொடனியிலயா வெச்சிருக்கற?" என்று சத்தம் போட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கண்ணுல என்னத்தா இருக்கு? வலி வந்து சுண்டி இழுக்கையில கை தன்னால மூடிக்கிருது. கையில இருக்கிற கத்திரியும் சேந்து மூடிக்கிருது. நானா வெட்டுறேன்?" என்றாள்.

என் கையில் இருந்த பனியன் கீழே விழுந்துவிட்டது. நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு கத்திரியைத் தொடவில்லை. ஒச்சாயி கோபித்துக்கொண்டேன் என்று நினைத்து, ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பினாள். சாப்பிட முடியவில்லை.

இதற்கு மேல் எழுதப் போவது சீட்டில் இல்லை. நீ உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் மாப்பிள்ளையை வைத்துக்கொள்.

இரண்டாயிரத்து மூன்று, தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை. உன் அம்மா உன்னை அப்பாயியிடம் விட்டுவிட்டு, தாராபுரம் பஸ்ஸில் பல்லடம் வந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து மதியம் வந்தாள். பச்சை வாயில் புடவை கட்டியிருந்தாள். ஷிப்மெண்ட் நேரம். ஜெர்மனிக்குப் போகிற சின்னப் பிள்ளை பனியன், கருநீலம், என் முன்னால் மலை மாதிரி கிடந்தது. ஐந்து மணிக்கு வண்டி வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். அவள் வந்து நின்றாள். "அம்மா, ஒண்ணு சொல்லோணும்" என்றாள். "இரு அம்மிணி, வண்டி வந்துரும்" என்றேன். தலையைத் தூக்கவில்லை. டஜன் எண்ணிக்கொண்டிருந்தேன், தூக்கினால் எண்ணிக்கை விட்டுப் போகும். அவள் எதிரில் உட்கார்ந்து, ஒரு கட்டை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவளும் வெட்ட ஆரம்பித்தாள். நான் என்ன நினைத்தேன் என்றால், நல்லவேளை, ஒரு கை கூடுதலாயிற்று என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். குண்டுப் பையன், அழுவாச்சி என்று அன்றைக்கு யாருமே வரவில்லை. அதுகூட எனக்கு உறைக்கவில்லை. நாலு மணிக்கு எழுந்தாள். பாப்பா பாலுக்கு அழும், வர்றேன் என்றாள். சரி அம்மிணி, ஞாயித்துக்கிழமை வா, பேசலாம் என்றேன். அவள் கேட்டைத் தாண்டிப் போனபோது நான் பார்த்தது அவள் முதுகை. முகத்தைப் பார்க்கவில்லை. உனக்கு நான் எழுத வேண்டிய முகம், கடைசி நாளில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் கம்பெனி செக்கிங்கிலிருந்து ஒரு கட்டு திரும்பி வந்தது. சூப்பர்வைசர் முனீஸ் அதை நாலு பேர் முன்னால் என் காலடியில் போட்டான். "என்னம்மா, கத்திரியால வெட்டுறீகளா, கடிச்சு எடுக்கிறீகளா?" என்றான். பதினோரு பனியனில் ஓட்டை. அத்தனையும் உன் அம்மா வெட்டியது. ஒன்பது வருஷத்தில் என் கையிலிருந்து ஒரு டேமேஜ் போனதில்லை. எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. முனீஸை அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் மன்னிக்கவில்லை. அந்தக் கதையை உனக்கும் சொல்லியிருக்கிறேன், சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். ஓட்டை போட்டது உன் அம்மா என்று மட்டும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், உன் அப்பாயி வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் போட்டேன். மகளைக் கூப்பிடச் சொல்லித் திட்டுவதற்காகத்தான். வந்தது உன் அப்பாயி. அவள் சொன்னதை இன்று வரை நான் யாரிடமும் சொன்னதில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நான் எதையும் மறக்காதவள். மறக்கவில்லை. எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"சம்பந்தி, நல்லவேளை நீங்களே போன் போட்டீங்க. புள்ளை வவுறு நோவுதுன்னு சுருண்டு கெடக்குதுங்க. அவனும் லாரியில வடக்க போயிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா கண்ணுன்னா, என்ர பேச்சக் கேக்க மாட்டீங்குது, எங்கம்மா வரட்டும்ங்குது. எனக்குப் பயமா இருக்குதுங்க. ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்க" என்றாள்.

நான் என்ன சொன்னேன் என்றால், "பதினோரு பீஸ ஓட்ட போட்டு என்ர மானத்த வாங்கிட்டு, அங்க போயிப் படுத்துட்டாளா? சோம்பேறித்தனத்துக்கு ஒரு நோவு. ஷிப்மெண்ட் முடியாம நான் வர முடியாதுங்க. கசாயம் வெச்சுக் குடுங்க. இனிக் கத்திரியத் தொட வேண்டாம்னு நான் சொன்னேன்னு அவகிட்டச் சொல்லுங்க" என்றேன். சொல்லிவிட்டு நானே போனை வைத்தேன்.

அவள் அதை உன் அம்மாவிடம் சொன்னாளா, சொல்லாமல் மறைத்தாளா, எனக்குத் தெரியாது. சனிக்கிழமை மதியம் ஆள் வந்து சொல்லி, நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. கருப்பைக்குப் போக வேண்டிய கரு குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்துவிட்டது, ஒருநாள் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. ஒருநாள் முன்னால் என்றால் வெள்ளிக்கிழமை.

ஆஸ்பத்திரி வாசலில் அத்தனை ஜனத்துக்கு முன்னால் உன் அப்பாயியின் தலைமுடியைப் பிடித்தேன். எம் புள்ளையக் கொன்னுட்டியேடி பாவி என்று கத்தினேன். அவள் இடுப்பில் நீ இருந்தாய். அவள் வாயைத் திறந்து, நேத்துப் போன்ல வரச் சொன்னனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே விழுந்திருப்பேன். சொல்லவில்லை. உன் தலை எதிலும் இடித்துவிடாமல் கையை வைத்து மறைத்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குச் சொல்லவில்லை, நீ பெரிய மனுஷியானதற்குச் செய்த தெரட்டிச் சீருக்கு நான் வராமல் இருந்தபோது சொல்லவில்லை, உன் கல்யாணத்தில் அவள் நீட்டிய சந்தனத்தை நான் தட்டிவிட்டபோது சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம். என் வைராக்கியத்தை ஊரே மெச்சியது. அவள் வாயை மூடிக்கொண்டிருந்த பாரத்துக்கு முன்னால் என் வைராக்கியம் ஒரு பிசிறுக்குப் பெறாது.

அந்தப் பதினோரு ஓட்டையைக் கவனக்குறைவு என்றே நினைத்திருந்தேன். ஒச்சாயி சொன்ன பிறகுதான் தெரிகிறது. வலி வரும்போது கை மூடிக்கொள்கிறது. என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, பதினோரு முறை அவளுக்கு வலி வந்திருக்கிறது. நான் தலையைத் தூக்கட்டும் என்று பதினோரு முறை காத்திருந்தாள். எண்ணிக்கொண்டிருந்தவள் நான்தானே, அதை மட்டும் எண்ணவில்லை.

வியாழக்கிழமை.

நேற்று அதோடு நிறுத்திவிட்டேன். கிழித்துப் போட்டுவிடலாமா என்று பார்த்தேன். மேசையில் எழுதிய இருபத்தேழு பக்கத்தைத்தான் கிழித்து அடுப்பில் போட்டேன். நதியா என்ன அத்தை தீயற வாசம் என்றாள். பழைய பில்லு என்றேன்.

இன்று காலை வாசல் கூட்டும்போது, இதை எழுதி உனக்கு அனுப்புவது மட்டும் போதாது என்று தோன்றியது. விளக்குமாற்றை அப்படியே போட்டுவிட்டு ஒச்சாயியிடம் போய், அவள் போனில் உன் அப்பாயி நம்பரைப் போட்டுத் தரச் சொன்னேன். மணி அடித்தது. எடுத்தாள். "யாருங்க?" என்றாள். குரல் கிழமாகிவிட்டது. உனக்குத் தெரியும், நான் வாயாடி, ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை வைத்திருப்பேன். ஒன்றும் வரவில்லை. "யாருங்க பேசறது? நித்யா கண்ணா?" என்றாள். அவள் உன் போனுக்குத்தான் காத்திருக்கிறாள். பிறகு மெதுவாக, "சம்பந்தியுங்களா?" என்றாள்.

நான் போனை அணைத்து ஒச்சாயி கையில் கொடுத்துவிட்டேன். "யாருத்தா அது, கடன்காரியா?" என்றாள் ஒச்சாயி. ஆமாம் என்றேன்.

ஆகவே கண்ணு, பிரசவத்துக்கு நீ இங்கே வர வேண்டாம். இந்த வீட்டில் கட்டில் போட்டு, தொட்டிலுக்குக் கொக்கி அடித்து எல்லாம் தயாராக இருக்கிறது, உன் மாமன் பாவம் ஆசையாகச் செய்தான். இருந்தாலும் வராதே. தாராபுரத்துக்குப் போ. எப்போது தலை தூக்கிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவள் அங்கேதான் இருக்கிறாள். உனக்கு இடுப்பில் சுருக்கென்றாலும் உடனே சத்தம் போட்டுச் சொல். எதிரில் இருப்பவர் எந்த வேலையில் இருந்தாலும் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சொல். உன் அம்மா மாதிரி நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்காதே.

குழந்தையை முதலில் உன் அப்பாயி கையில் கொடு. என்னிடம் கொண்டுவந்து காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். இதைப் படித்துவிட்டு எனக்கு நீ போன் செய்யவில்லை என்றால் ஏன் என்று கேட்க மாட்டேன். அதற்காக உன்மேல் மனக்குறை வைக்க மாட்டேன். நான் மனக்குறை வைக்காத முதல் ஆள் நீயாக இரு.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். மாகாளியம்மனிடம் தினமும் அதை மட்டும்தான் கேட்கிறேன், எனக்கென்று எதுவும் கேட்க எனக்கு முகம் இல்லை.

ஒரே ஒரு காரியம் மட்டும் எனக்காகச் செய். தாராபுரம் போனதும், இன்று காலை அவள் போனில் கடைசியாக ஒன்று கேட்டாளே, அதற்கு ஆமாம் என்று மட்டும் நீ சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மாவைப் பெற்ற
சென்னம்மாள்